கேபிள் அரசுடையதாக இருக்கட்டும், இணைப்பை யாரும் விற்கட்டும்

இணைய சேவை அரசிடம் இருக்க வேண்டுமா, தனியாரிடமா என்றதும் பேச்சு மாதக் கட்டணத்துக்குப் போய்விடுகிறது. கிராமங்களைப் பொறுத்தவரை முதல் கேள்வி வேறு: கேபிள் அறுந்தால் யார் வந்து ஒட்டுவார்கள்?

2011-இல் ஒப்புதல் பெற்ற மத்திய அரசுத் திட்டம்தான் இன்றைய பாரத்நெட். சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளுக்கு ஃபைபர், அதாவது ஒளியிழைக் கேபிள், கொண்டுபோவது அதன் இலக்கு. லாபக் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் இவற்றில் பல ஊர்களுக்குக் கேபிளே போயிருக்காது. ஆனால் முதல் கட்டத்தில் வட்டாரத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சிகளுக்குக் கேபிளை நேர்கோட்டில் இழுத்தார்கள். சாலை வேலைக்கு வந்த ஜேசிபி ஓரிடத்தில் வெட்டினால், அதற்கப்பால் இருக்கும் ஊராட்சிகள் எல்லாம் துண்டிக்கப்படும். கேபிள் நன்றாக இருந்தாலும், ஊராட்சி அலுவலகத்தில் மின்சாரம் போய் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் இணைப்பு இல்லை. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதலான திருத்திய திட்டம் வளைய அமைப்புக்கு மாறியது. ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியாகத் தரவு போகும். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

தனியார் கணக்கு, ஒரு ஃபைபரில் வரும் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஸ்பிளிட்டரில் தொடங்குகிறது. 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஒரு ஸ்பிளிட்டரிலேயே சுமார் 17 டெசிபல் ஒளி குறையும். மிச்சத்தைத் தூரமும் ஒட்டுகளும் தின்னும். வீட்டுப் பெட்டிக்கு வரும் ஒளி −27 டிபிஎம்முக்குக் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அளவு) கீழே போனால் இணைப்பு விட்டுவிட்டு வரும், அல்லது சிவப்பு விளக்கு எரியும். வீடுகள் நெருங்கிய தெருவில் 32-உம் நிரம்பும், போட்ட பணம் திரும்பும். தோட்டத்துக்கு ஒரு வீடாகச் சிதறிய ஊரில் திரும்பாது. நகரத்தில் தனியார் பழுதை வேகமாகப் பார்ப்பதற்குக் காரணம், அதே கம்பத்தில் போட்டிக்காரரின் கேபிளும் தொங்குவதுதான். ஒரே நிறுவனம் இருக்கும் ஊரில் அந்த அவசரம் இருக்காது.

விலையிலும் அரசு நிறுவனம் களத்தில் இருப்பது உதவுகிறது. 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் மொபைல் கட்டணத்தை உயர்த்தியபோது, அப்போது 4ஜி பரவலாகாத அரசு நிறுவனமான பிஎஸ்என்எல்லுக்கே பலர் எண்ணை மாற்றிக்கொண்டார்கள்.

எனக்குச் சரியாகப் படுவது ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமின் வழி. அங்கே நகராட்சியின் ஸ்டோகாப் நிறுவனம் 1994 முதல் ஃபைபரைப் போட்டு, எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே நிபந்தனையில் வாடகைக்கு விடுகிறது. வீடுகளுக்கு இணைப்பு விற்பது அந்த நிறுவனங்கள். நம் ஊராட்சி ஃபைபரையும் உள்ளூர் கேபிள் ஆபரேட்டருக்கு அப்படித் தரலாம். ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்கள் எண்ணாக இருக்க வேண்டும்: அறுந்த கேபிளை எத்தனை மணி நேரத்தில் ஒட்டுவது, தாமதமானால் எவ்வளவு அபராதம், பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும்.