உப்புத் தண்ணீர் வீட்டுக்கு எது சரி: சோலார் குழாயா, ஹீட் பம்ப்பா?

இரண்டு வருடத்துக்கு முன் மார்கழியில் எங்கள் மொட்டைமாடி சோலார் ஹீட்டர் கைவிட்டது. தகட்டு வகை, கண்ணாடிக்குக் கீழே கறுப்புத் தகடு, அதோடு ஒட்டிய செம்புக் குழாய்கள். பிளம்பர் ஒரு குழாயை அறுத்துக் காட்டினார். விரல் நுழைய வேண்டிய குழாயில் பென்சில் முனை நுழையத்தான் ஓட்டை மிச்சம். மீதியெல்லாம் கல்லாக இறுகிய உப்பு. "ஏனுங்க, போர்த் தண்ணியவா இதுல விட்டீங்க?" என்றார். வேறென்ன செய்வது? கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்கு வரும் சிறுவாணித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான் போதும். குளியலுக்குப் போர்தான்.

அடுத்து வாங்க இரண்டு யோசனை இருந்தது: வெற்றிடக் கண்ணாடிக் குழாய் (ஃபிளாஸ்க் மாதிரி இரண்டு சுவருக்கு நடுவே காற்றை எடுத்துவிட்டது) வைத்த சோலார், அல்லது ஹீட் பம்ப். சாதா கீசரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. 200 லிட்டரை 27 டிகிரியிலிருந்து 57க்கு ஏற்ற 7 யூனிட் ஆகும். தினமும் சுடவைத்தால் இரண்டு மாத பில்லில் 420 யூனிட். 500 தாண்டினால் ஸ்லாப் மாறுகிற ஊரில் அது கட்டுப்படியாகாது.

ஹீட் பம்ப் நல்ல சாமான்தான். ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது. இது வெளிக்காற்றின் சூட்டை எடுத்து டேங்குக்குள் தள்ளுகிறது. ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு கிடைக்கும். அதே 420, சுமார் 140 ஆகிவிடும். ஊட்டிக் குளிரில் இந்தக் கணக்கு இறங்கும், கோவைச் சூட்டில் நன்றாகவே நிற்கும். மழை, இரவு என்ற கவலையும் இல்லை.

ஆனால் எனக்கு முடிவு சொன்னது உப்புதான். சர்க்கரை சுடுதண்ணீரில் நன்றாகக் கரையும். போர்த் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு நேர்மாறு. சூடு ஏற ஏறப் பிரிந்து படியும். அதனால் எந்தக் கருவியானாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் சூடாகிற இடத்தை நானே கழற்றித் தேய்க்க முடியுமா?

கண்ணாடிக் குழாயில் முடியும். ஒவ்வொன்றும் வெளிப்புறம் 58 மில்லிமீட்டர் அகலம், அடி மூடியது, வழவழப்பான கண்ணாடி. உப்பு பெரும்பாலும் பொடியாக அடியில் தங்கும். தைக்கு முன்னால் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை கழற்றுகிறேன். டேங்கைக் காலி செய்து, ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, மெல்லத் திருகி இழுத்தால் வந்துவிடும். முதல் தடவை ஒரு குழாயைக் கவிழ்த்ததும் அரை டம்ளர் வெள்ளைப் பொடி கொட்டியது. ஒட்டியிருந்ததை சிட்ரிக் ஆசிட் கரைசலில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, பாட்டில் பிரஷ்ஷால் தேய்த்தேன். இதை விடிவதற்குள் முடித்துவிட வேண்டும். வெயிலில் காய்ந்த காலிக் குழாயில் பச்சைத் தண்ணீர் விட்டால் அந்த நிமிடமே வெடித்துவிடலாம்.

கழற்றும்போதே அடிமுனையையும் பார்த்துவிடலாம். அங்கே வெள்ளி போலப் பளபளக்கும் பேரியம் பூச்சு இருக்கும். வெற்றிடம் போய்விட்டால் அது பால் வெள்ளையாகிவிடும். அந்தக் குழாயை மட்டும் மாற்றினால் போதும்.

குறையும் உண்டு. ஒரு குழாய் உடைந்தால் டேங்க் முழுக்கக் காலி. ஐப்பசி மழையில் நாலு நாள் சேர்ந்தாற்போல் வெயில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் மின் காயிலைப் போட்டாக வேண்டும். அதிலும் உப்பு ஏறும். தண்ணீர் தானாக இறங்கி வர, பச்சைத் தண்ணீர் டேங்க் சோலாரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். எங்களுக்கு மேடை கட்டவே தனிச்செலவு ஆனது.

ஹீட் பம்ப்பில் உப்பு என்னாகும்? சிலவற்றில் சூட்டுக் காயில் டேங்குக்கு வெளியே சுற்றியிருக்கும். அது தேவலை. தண்ணீரே மெல்லிய தகடுகளுக்கு நடுவே ஓடுகிற வகையைப் போர்த் தண்ணீர் வீட்டுக்குச் சொல்லவே மாட்டேன். என் செம்புக் குழாய் கதைதான் திரும்பவும். டேங்கில் இருக்கும் மக்னீசியக் கம்பி இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதற்கென்றே வைத்தது. உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் தீரும். வருடம் ஒருமுறை திறந்து பார்க்க ஆள் வர வேண்டும். கம்ப்ரெசரிலோ போர்டிலோ கோளாறு என்றால் அதற்கும் ஆள்தான். உள்ளே சூட்டைச் சுமந்து சுற்றும் வாயு எது என்றும் கேட்டுவிட்டு வாங்குங்கள்: ஆர்-134ஏ என்றால், அது கார்பன் டை ஆக்சைடைப் போல் 1430 மடங்கு பூமியைச் சூடாக்குவது. உலக நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட 2016 கிகாலி உடன்பாட்டின்படி இந்தியா அந்த வகை வாயுக்களை 2032 முதல் குறைத்தாக வேண்டும். புரொப்பேன் நிரப்பியது கிடைத்தால் அதுவே மேல்.

தங்கை வீட்டில், சென்னை அபார்ட்மென்டில், ஹீட் பம்ப் ஒன்றரை வருடமாகக் குறையில்லாமல் ஓடுகிறது. அங்கே மெட்ரோ தண்ணீர், மொட்டைமாடியில் பங்கும் கிடையாது. அவளுக்கு அதுதான் சரி. பத்து வருடம் தாங்குமா என்று அந்த ஒன்றரை வருடத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. சொந்த மாடியும் போர்த் தண்ணீரும் இருப்பவர் கேட்டால், கண்ணாடிக் குழாயை வாங்குங்கள், கூடவே இரண்டு குழாய் உபரியாக வாங்கி மாடிப்படிக்குக் கீழே வையுங்கள் என்பேன்.