மைனஸ் முப்பதில் வண்டி கிளம்ப: பிளாக் ஹீட்டரா, ரிமோட் ஸ்டார்ட்டரா, கராஜா?

கனடாவின் வின்னிபெக் நகரத்து ஜனவரியில் ராத்திரி மைனஸ் 20 என்பது சாதாரணம். மைனஸ் 30-ம் வருடந்தவறாமல் வந்து போகும். 1966 பிப்ரவரி 18 அன்று அங்கே மைனஸ் 45 பதிவாகியிருக்கிறது. கார்களின் முன்பக்கம் ஒரு மூன்று முள் பிளக் தொங்குவதைப் பார்த்து, ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் இத்தனை மின்சாரக் கார்களா என்று கேட்பதுண்டு. அவை பெட்ரோல் வண்டிகள்தான்; அந்த பிளக், என்ஜினை மின்சாரத்தில் சூடாக்கும் பிளாக் ஹீட்டருடையது.

பிளாக் ஹீட்டர் வாங்குவதா, ரிமோட் ஸ்டார்ட்டர் போடுவதா, கராஜைச் சூடாக்குவதா என்று முதல் குளிர்காலத்தில் எல்லோரும் குழம்புவார்கள். மூன்றையும் ஒரே வேலைக்கான மூன்று வழிகளாக நினைப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. ஒன்று என்ஜினைக் கிளப்ப உதவுவது, இன்னொன்று கிளம்பிய வண்டிக்குள் நம்மைச் சூடாக வைப்பது, மூன்றாவது குளிரையே வண்டியிடம் அண்டவிடாதது. எது தேவை என்பதைப் பெரும்பாலும் உங்கள் பார்க்கிங் இடத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்பதே தீர்மானித்துவிடும்.

குளிரில் என்ன நடக்கிறது

மைனஸ் 18-ல் சாதாரண லெட் ஆசிட் பேட்டரியின் இழுவைத் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே நேரத்தில் ஆயில் கெட்டியாகி, என்ஜினைச் சுற்றக் கூடுதல் பலம் கேட்கும். ஸ்டார்ட்டர் 'ஊ... ஊ...' என்று இழுத்து நின்றுபோவது இதனால்தான். பேட்டரி மேல் எழுதியிருக்கும் சிசிஏ எண் (குளிரில் பேட்டரி தரக்கூடிய ஆம்ப்) அந்த மைனஸ் 18-ல் அளந்ததுதான். மைனஸ் 30-ல் அந்த அளவு கிடைக்காது.

வின்ட் சில்லைப் (காற்று வீசும்போது உடம்புக்கு உறைக்கும் குளிர்) பார்த்து வண்டிக்காகக் கவலைப்பட வேண்டாம். வெப்பநிலை மைனஸ் 28, வின்ட் சில் மைனஸ் 40 என்றால், என்ஜின் மைனஸ் 28-க்குக் கீழே போகாது. காற்றில் சீக்கிரம் ஆறிவிடும், அவ்வளவுதான். வின்ட் சில் தோலுக்கான கணக்கு.

எதை வாங்குவதற்கும் முன்னால் ஆயிலைப் பாருங்கள்: பெயரில் டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் கெட்டியாவதும் குறையும். 5டபிள்யூ ஆயில் போட்ட என்ஜினை ஸ்டார்ட்டர் சுற்ற முடியுமா என்று சோதிப்பது மைனஸ் 30-ல். 0டபிள்யூ ஆயிலைச் சோதிப்பது மைனஸ் 35-ல். வண்டியின் கையேடு 0டபிள்யூ-20 அல்லது 0டபிள்யூ-30 அனுமதித்தால், அக்டோபர் ஆயில் சேஞ்சிலேயே சிந்தெடிக்காக மாற்றிவிடுவது நல்லது. மாற்றத்தானே போகிறோம், தனி வேலையும் இல்லை.

பிளாக் ஹீட்டர்

நான்கு சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலும் 400 வாட், பெரிய என்ஜின்களில் 600 வாட்டை ஒட்டி, டீசல் பிக்கப்களில் 1,000 வாட் அல்லது அதற்கும் மேல். என்ஜின் பிளாக்கில் கூலன்ட் ஓடும் இடத்தில் கெட்டில் சுருள் மாதிரி உட்கார்ந்திருப்பது ஒரு வகை. சில வண்டிகளில் கூலன்ட்டைத் தொடாமல் பிளாக்கின் துளைக்குள் செருகியிருக்கும். இதற்குத் தெர்மல் பேஸ்ட் சரியாகப் பூசாவிட்டால் சூடு பிளாக்குக்குப் போகாமல் ஹீட்டரே கருகும். முதல் வகைக்கு எமன் காற்றுக் குமிழி. கூலன்ட் மாற்றியபின் காற்றைச் சரியாக வெளியேற்றாமல் பிளக் செய்தால் சுருள் எரிந்துபோகும். கூலன்ட் கலவையையும் கவனியுங்கள்: ஆன்டிஃப்ரீஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும், 60-க்கு 40 என்றால் மைனஸ் 50-ஐத் தாண்டியும் தாங்கும்.

ராத்திரி முழுக்கச் செருகி வைப்பது வீண். இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் என்ஜின் ஏற வேண்டிய சூடு ஏறிவிடும், அதற்குப் பிறகு காற்றில் இழப்பதை ஈடுகட்டுவதுதான் நடக்கும். மாகாண மின் நிறுவனமான மானிட்டோபா ஹைட்ரோவின் வீட்டுக் கட்டணம் யூனிட்டுக்குச் சுமார் 10 சென்ட். 400 வாட் ஹீட்டர் பத்து மணி நேரம் ஓடினால் 4 யூனிட், 40 சென்ட். டைமர் வைத்து மூன்று மணி நேரம் ஓட்டினால் 1.2 யூனிட், 12 சென்ட். மாதத்துக்கு 12 டாலருக்குப் பதில் 3.60. காலை 7.30-க்குக் கிளம்புபவர் 4.30-க்கு வைத்தால் போதும். மைனஸ் 15-க்குக் கீழே போகும் நாட்களில் செருகுவது நல்ல பழக்கம். மைனஸ் 20-க்குக் கீழே கட்டாயம்.

டைமரில் ஒரு சிக்கல் உண்டு. வெளியே வைக்கும் ஸ்மார்ட் பிளக்குகளில் பல மைனஸ் 20 வரைதான் வேலை செய்யும் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். பல்சக்கர டைமர் உறைந்து நின்றுவிடும். வெளி பிளக் பாயிண்ட்டுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு டைமர் ஸ்விட்ச் போட்டுக்கொள்வதுதான் நிலைத்த தீர்வு.

எக்ஸ்டென்ஷன் ஒயர் வெளி உபயோகத்துக்கானது, மூன்று முள், 14 கேஜ், 15 மீட்டருக்குள் இருக்கட்டும். குளிரில் வளையக்கூடிய உறை என்று எழுதியிருக்க வேண்டும். சாதாரண ஒயர் மைனஸ் 30-ல் கம்பி போல விறைத்து, மடித்த இடத்தில் வெடிக்கும். செருகி அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சூடாகத் தெரிந்தால் முள்ளில் உப்புத் துருவோ தளர்ச்சியோ இருக்கிறது. சுத்தம் செய்து டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி, செருகாத நேரத்தில் மூடி போட்டு வையுங்கள். ஒயரை டிரைவர் பக்கக் கண்ணாடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் செருகினால், கழற்ற மறந்து வண்டியை எடுக்கும் விபத்து பெரும்பாலும் நடக்காது.

ஹீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று அக்டோபரிலேயே பார்த்துவிடலாம். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து பிளக்கின் இரண்டு தட்டை முட்களில் வையுங்கள். 120 வோல்ட்டில் 400 வாட் ஹீட்டர் 36 ஓம், 600 வாட் ஹீட்டர் 24 ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் சுருளோ ஒயரோ அறுந்திருக்கிறது. தட்டை முள்ளுக்கும் உருண்டை முள்ளுக்கும் இடையில் அளவு காட்டினால் கசிவு. செருகியவுடன் வெளி பிளக் பாயிண்ட்டின் ஜிஎஃப்சிஐ (கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு) விழுவது இந்தக் கசிவால்தான்; அதை விலக்கிவிட்டுச் செருகுவது ஆபத்து.

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இன்னொரு விஷயம். ஒரு சர்க்யூட் 15 ஆம்ப், அதாவது 1,800 வாட். தொடர்ந்து ஓட 1,440 வாட்தான் பாதுகாப்பான அளவு. இரண்டு வண்டிகளின் 400 வாட் ஹீட்டர்கள் சேர்ந்து 800 வாட். அதோடு யாராவது காருக்குள் வைக்கும் 800 வாட் ஹீட்டரையும் செருகினால் 1,600 வாட் ஆகி பிரேக்கர் விழலாம்; விழுந்தால் காலையில் இரண்டு வண்டியுமே கிளம்பாது. சில கட்டிடங்களில் மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் கன்ட்ரோலர் இருக்கும். ஒயரின் விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்து ஹீட்டர் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அரை மணி கழித்துத் திரும்பப் பாருங்கள்.

ஆயில் பேனில் ஒட்டும் சிலிக்கான் பேட், பேட்டரியைச் சுற்றும் 60-80 வாட் போர்வை இவை துணைதான். பிளாக் ஹீட்டர் பொருத்த இடமே இல்லாத என்ஜினுக்கு ஆயில் பேட் நல்ல மாற்று. எண்ணெய், துரு எல்லாம் துடைத்து வெறும் உலோகத்தில் ஒட்டாவிட்டால் கழன்று விழும். டிப்ஸ்டிக் துளையில் செருகும் ஹீட்டர் காசுக்குக் கேடு, ஆயிலையும் கருக்கும்.

ரிமோட் ஸ்டார்ட்டர்

ரிமோட் ஸ்டார்ட்டரால் உறைந்த என்ஜினைக் கிளப்ப முடியாது. சாவி செய்யும் அதே வேலையை வீட்டுக்குள்ளிருந்து செய்கிறது, அவ்வளவுதான். பேட்டரி தளர்ந்திருந்தால் அதுவும் 'டக் டக்' என்று அடித்துவிட்டு ஓயும்.

அதன் மதிப்பு கண்ணாடியிலும் ஸ்டியரிங்கிலும் தெரியும். நிறுத்தும்போதே டிஃப்ராஸ்ட்டைக் கண்ணாடிக்கும், சூட்டை உச்சத்துக்கும் வைத்துவிட்டு இறங்கினால், காலையில் சுரண்டும் வேலை பாதியாகும். வைப்பரை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். கண்ணாடியோடு உறைந்த வைப்பர் தானாக ஓட முயன்றால் மோட்டார் புகையும். பனி பெய்த இரவுக்குப் பின் புகைக்குழாய் பனியில் புதைந்திருக்கிறதா என்று பார்க்காமல் பட்டனை அழுத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் திரும்பும்.

செலவுக் கணக்கில் இது தோற்கிறது. சும்மா நின்று ஓடும் சிறிய என்ஜின் மணிக்குச் சுமார் 1 லிட்டர் குடிக்கும். காலை, மாலை கால் மணி நேரம் என்றால் மாதத்துக்கு 15 லிட்டர். இந்தக் காலத்துச் சிறு என்ஜின்கள் மைனஸ் 30-ல் கால் மணி நின்று ஓடினாலும் முழுச் சூடு ஏறாது. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் சேரும். சீட் ஹீட்டர், பின்கண்ணாடி ஹீட்டர், ஃபேன் எல்லாம் ஓட, பேட்டரியில் சேர்வது கொஞ்சம்தான். தினமும் பத்து நிமிஷ தூரம் மட்டுமே ஓட்டுபவர்களின் பேட்டரி பிப்ரவரியில் படுத்துக்கொள்வது இதனால்தான். பிளாக் ஹீட்டரோடு சேர்த்தால் கதை வேறு: கூலன்ட் ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருப்பதால் ஐந்தே நிமிஷத்தில் சூடான காற்று வரும்.

திருட்டையும் சொல்ல வேண்டும். 2000-களில் வின்னிபெக் கார் திருட்டுக்குப் பேர்போன ஊர். 2007-ல் அதிகம் திருடுபோகும் மாடல்களுக்கு இம்மொபிலைசர் (சரியான சாவியில்லாமல் என்ஜினைக் கிளம்பவிடாத கருவி) கட்டாயமாக்கப்பட்டது. சாவியை வண்டியிலேயே விட்டு ஓடவிடுவதைவிட ரிமோட் எவ்வளவோ மேல். கதவு பூட்டியே இருக்கும், சாவியில்லாமல் பிரேக்கை மிதித்தால் என்ஜின் அணையும். ஆனால் வெளிக்கடையில் போடும் ரிமோட், இம்மொபிலைசரைத் தாண்டிச் செல்ல ஒரு மாட்யூல் வைக்கும். டேஷுக்குள் ஒரிஜினல் சாவியின் சிப்பையே ஒளித்துவைக்கும் மலிவான வேலையை ஏற்காதீர்கள். அப்படிச் செய்தால் இம்மொபிலைசர் இருந்தும் இல்லாத கதைதான்.

கராஜ்

பின்சந்தில் தனியாக நிற்கும், சூடாக்காத கராஜ் பனியையும் காற்றையும் தடுக்கும். விடியும்போது என்ஜின் வெளிக் குளிரைவிடச் சில டிகிரிதான் மேலே இருக்கும். அங்கேயும் பிளக் வேண்டும்.

சூடாக்கிய கராஜில் எந்தக் கருவியும் தேவையில்லை. 4.5 கிலோவாட் ஹீட்டர் ஒரு நாளில் எட்டு மணி நேரம் ஓடினால் 36 யூனிட், 3.60 டாலர். டைமர் போட்ட பிளாக் ஹீட்டரின் ஒரு மாதச் செலவு, இதற்கு ஒரே நாளில். 5 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள்: உறைந்து கிடக்கும் உப்பு, சூட்டில் உருகி ஈரமாகும்போதுதான் அடித்தகட்டை அரிக்கிறது. ஈரத்தோடு வெளியே போனால் கதவு ரப்பர் ஒட்டிக்கொள்ளும். நவம்பரிலேயே சிலிக்கான் தடவிவிடுங்கள். கதவு மூடிய கராஜில் ரிமோட் ஸ்டார்ட் கூடவே கூடாது. வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் அந்தப் பட்டனை ஒரு குழந்தை விளையாட்டாக அழுத்தினாலும் உயிருக்கு ஆபத்து.

யாருக்கு எது

வீட்டிலோ பார்க்கிங்கிலோ பிளக் பாயிண்ட் இருந்தால் முதல் பணம் பிளாக் ஹீட்டருக்கும் டைமருக்கும். ரிமோட் அடுத்த வருடம். வேலையிடத்திலும் ஒன்பது மணி நேரம் வெளியே நிற்கும் வண்டிக்கு அங்கேயும் பிளக் கேட்டு வாங்குங்கள். மின்சாரக் கார் ஓட்டுபவர்கள் ராத்திரி முழுக்கச் செருகியே வைக்க வேண்டும், கிளம்பும் முன் செருகியபடியே உள்ளே சூடாக்க வேண்டும். 120 வோல்ட் பிளக்கில் மைனஸ் 30-ல் வருவதில் பெரும்பங்கு பேட்டரியைச் சூடாக்கவே போய்விடும்.

தெருவில் நிறுத்துபவர்கள் பாடுதான் கஷ்டம். நடைபாதைக்குக் குறுக்கே ஒயர் போட்டால் பனி தள்ளும் இயந்திரம் அறுத்துப் போகும். டிசம்பர் 1-லிருந்து மார்ச் 1 வரை பனி வழித்தடச் சாலைகளில் இரவு நிறுத்தவும் தடை. இவர்களுக்கு 0டபிள்யூ ஆயிலும், பொருந்துகிற அளவில் அதிக சிசிஏ உள்ள பேட்டரியும்தான் பிளாக் ஹீட்டர். பேட்டரிக்கு நான்கைந்து வயதாகிவிட்டால் குளிருக்கு முன்பே லோட் டெஸ்ட் பண்ணுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதி காலி, முழுக்க இறங்கிய பேட்டரி மைனஸ் 10-ஐ ஒட்டியே உறைந்துவிடும். உறைந்த பேட்டரிக்கோ வயிறு உப்பிய பேட்டரிக்கோ வேறு வண்டியிலிருந்து பூஸ்ட் கொடுக்கக் கூடாது, வெடிக்கலாம். உறையாத, உப்பாத பேட்டரியென்றால் பத்து விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரை இழுக்காமல், இரண்டு நிமிஷம் விட்டு மறுபடி முயலுங்கள்.