வேலியோரம் எதை நடலாம்: இலந்தையா, உலக்கைப்பாலையா?

பிரான்சில் இருக்கும் என் அத்தை மகன் இந்த முறை புதுச்சேரி வந்தபோது, பிரான்சு வேலியோரங்களில் நிற்கும் காட்டு ஆப்பிளைப் பற்றித்தான் ஓயாமல் பேசினான். "மச்சான், நம்ம கடலூர் கேப்பர் மலைக் கொல்லையில அது வருமா?"

வராது. குளிர்காலம் முழுக்க இலையுதிர்த்து உறங்கினால்தான் அந்த மரம் பூக்கும். கடலூரில் அவ்வளவு குளிருக்கு எங்கே போவது? ஆனால் அது செய்யும் வேலை பெரியது. வசந்தத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துத் தேனீக்களுக்குச் சோறு போடும். பக்கத்துத் தோட்டத்து ஆப்பிளுக்கு மகரந்தம் தரும். புளித்த சின்னக் காய்களைப் பூங்குருவி, எலி, காட்டுப்பன்றி எல்லாம் தின்னும். நம் மண்ணில் அந்த வேலைக்கு யார் என்று பார்த்தால், எனக்கு இரண்டு பேர் தெரிகிறார்கள்.

முதலில் இலந்தை. கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு இலையடியிலும் இரண்டு முள்: ஒன்று நேராக, ஒன்று கொக்கியாக. அதனால் ஆடு மேய்ந்தாலும் முழுசாக மொட்டையடிக்க முடியாது. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளைப் பஞ்சு போல இருக்கும். வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்ட ஒரு குட்டிப் பட்டாம்பூச்சியின் புழு வளர்வது இந்த இலையைத் தின்றுதான். மழை முடிந்து பழுக்கும் பழத்தை மைனா, கொண்டைக்குருவி, நரி வரை தேடி வரும். பாதிப் பழத்தில் புழு இருக்கும்தான், பறவைக்கு அது ஒரு குறையே இல்லை. அடியோடு வெட்டினாலும் துளிர்க்கும். அந்தத் துளிரில் நல்ல ரகத்தின் மொட்டை ஒட்டுக்கட்டித்தான் கடையில் விற்கும் பெரிய இலந்தையை உருவாக்குகிறார்கள்.

உலக்கைப்பாலை வேறு ரகம். புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போன்ற நம் கடலோரக் காடுகளின் மரம் இது. வருடம் முழுக்கப் பச்சை, அடர்ந்த நிழல், உலக்கை செய்யும் அளவு வைரம். மஞ்சள் பழம் தித்திக்கும், பால் உதட்டில் ஒட்டும். சப்போட்டா ஒட்டுக்கு வேர் தருவதும் இதுதான். வௌவாலும் மரநாயும் விதையைத் தூரம் கொண்டுபோகும். ஆனால் வளர்ச்சி மிக மெதுவு. நட்டவர் நிழலில் உட்காரப் பல வருடம் ஆகும்.

2011 டிசம்பர் 30 தானே புயல் முந்திரியைச் சாய்த்ததிலிருந்து எங்கள் வேலியோரம் வெட்டவெளிதான். அதற்கு இலந்தைதான் என்பது என் முடிவு. சீக்கிரம் நிமிரும், முள் காவல் காக்கும், சில வருடத்திலேயே பறவை வரும். அதன் மறைவில், உள்பக்கமாக, இடம் விட்டு இரண்டு உலக்கைப்பாலை. கொல்லையில் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம், அவசரமும் இல்லை என்றால் தயங்காமல் பாலையை வையுங்கள். அது நம் கரையில் அருகிவரும் காட்டின் மரம்.

ஒன்று மட்டும்: ஒட்டு இலந்தையை வாங்கி வைக்காதீர்கள், நாட்டுக்காய் கொட்டையே போதும். கொட்டையின் மேலோட்டை மட்டும், உள்ளே பருப்பு நசுங்காமல் உடைத்து ஊன்றினால் சீக்கிரம் முளைக்கும்.