எரிமலைப் பாறைக் கால்சைட்: தக்காணமா, ஐஸ்லாந்தா, மிச்சிகனா?

கால்சைட் என்பது கால்சியம் கார்பனேட் கனிமம். எரிமலைக் குழம்பு உறைந்த பாறையின் வெற்றிடங்களில் விளைந்த கால்சைட்டில், சேகரிப்பாளர்கள் அதிகம் பேசுவது மூன்று ஊர்ச் சரக்கைப் பற்றித்தான். கனிமமாக மூன்றும் ஒன்றே: மோஸ் அளவில் கடினத்தன்மை 3, ஒப்படர்த்தி 2.71. துணைக்கு எந்தக் கனிமம் வளர்ந்தது, இப்போதும் கிடைக்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

முதல் மாதிரி வாங்குபவருக்கு மகாராஷ்டிரம் போதும். ஜல்காவ், நாசிக், புணே பக்கத்துக் கல் குவாரிகளில் சுமார் 6.6 கோடி ஆண்டுப் பழமையான தக்காண பசால்ட் என்ற எரிமலைப் பாறையை உடைக்கும்போது குழிகள் திறக்கின்றன. உள்ளே ஸ்டில்பைட், ஹியூலண்டைட், அபோபிலைட் ஆகிய துணைக் கனிமங்களோடு தேன் நிறக் கால்சைட். விலையும் கட்டுப்படியாகும். ஆனால் ஒட்டுவேலையைச் சோதிக்காமல் வாங்கக் கூடாது. கால்சைட் மூன்று திசைகளில் சுத்தமாகப் பிளக்கும்; குவாரி அதிர்விலேயே அடியோடு பெயர்ந்துவிடும். பெயர்ந்ததைப் பிசினால் மறுபடி உட்கார வைத்திருப்பார்கள். புற ஊதா விளக்கில் பல பிசின்கள் நீலவெள்ளையாக ஒளிரும். படிகம் பாறையைத் தொடும் விளிம்பைச் சுற்றிலும் பாருங்கள்.

ஐஸ்லாந்தின் ஹெல்குஸ்தாதிர் சுரங்கத்துக் கால்சைட்டின் பெருமை அதன் தெளிவு. 1669இல் டென்மார்க் அறிஞர் பார்த்தோலின், ஒரு பொருள் இரண்டாகத் தெரியும் இரட்டை ஒளிவிலகலை விவரித்தது ஐஸ்லாந்துப் படிகத்தை வைத்துத்தான். அந்தச் சுரங்கம் 1975 முதல் பாதுகாக்கப்பட்ட இடம், அள்ளத் தடை. கடைகளில் ‘ஐஸ்லாந்து ஸ்பார்’ என்று விற்கும் சாய்சதுரங்கள் பெரும்பாலும் வேறு நாட்டுக் கால்சைட்டின் பிளவுத் துண்டுகள். இயற்கையாக வளர்ந்த படிக முகம், அதாவது தட்டையான புறப்பரப்பு, அவற்றில் இருக்காது. கண்ணாடியா என்ற சந்தேகம் வந்தால் காகிதத்தில் ஒரு புள்ளி வைத்து மேலே வையுங்கள். புள்ளி இரண்டாகத் தெரிய வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விலகல்.

அமெரிக்காவில் மிச்சிகனின் கெவீனா தீபகற்பக் கால்சைட்டுக்குள் தனிச்செம்பு, அதாவது இயற்கையிலேயே உலோகமாகக் கிடைக்கும் செம்பு, சிக்கியிருக்கும். காற்றுப் படாததால் உள்ளே அது மங்காமல் செந்நிறமாகவே நிற்கிறது. அழகில் இதற்கே என் ஓட்டு. ஆனால் செம்புச் சுரங்கங்கள் மூடிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. பழைய சேகரிப்புகள் கைமாறும்போதுதான் நல்லது கிடைக்கும், விலையும் அப்படி. சுரங்கப் பெயர் எழுதிய பழைய சீட்டு இருந்தால் அதைத் தொலைக்காதீர்கள்.

மூன்றுக்கும் பராமரிப்பு ஒன்றே: சாதாரண வெப்பநிலைத் தண்ணீர், மென்மையான தூரிகை. வினிகர், எலுமிச்சைச் சாறு, துருநீக்கும் ஆக்சாலிக் அமிலம் எல்லாமே முகங்களின் பளபளப்பைத் தின்றுவிடும். கொதிநீரும் ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியும் பிளவுக் கோடுகளைத் திறந்துவிடும்.