ஈவ்லின் வாவின் நையாண்டி: எதில் தொடங்கலாம்?

ஆங்கில நாவலாசிரியர் ஈவ்லின் வாவைப் புதிதாகப் படிப்பவருக்கு இரண்டு வழி: 1928-இல் வந்த ‘டிக்ளைன் அண்ட் ஃபால்’, 1938-இல் வந்த ‘ஸ்கூப்’. என் ஓட்டு ஸ்கூப்புக்குத்தான். கிராமத்து இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதிக்கொண்டிருந்த வில்லியம் பூட்டை, ஆள் மாறிப்போய் ஆப்பிரிக்கப் போர்ச்செய்திக்கு அனுப்புகிறது ஒரு லண்டன் நாளிதழ். முதலாளி லார்ட் காப்பர் தப்பாகச் சொன்னாலும் ‘இல்லை’ என்று சொல்ல வெளிநாட்டுச் செய்தி ஆசிரியருக்குத் தைரியம் கிடையாது. ‘ஓரளவுக்கு, லார்ட் காப்பர்’ என்று மழுப்புவார். 1935-இல் வாவே நிருபராக அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) போனவர், அதனால் அடி சரியான இடத்தில் விழுகிறது.

முந்தைய நாவல் இன்னும் குரூரம். தன் தப்பே இல்லாமல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து துரத்தப்படும் பால் பென்னிஃபெதர், வேல்ஸில் ஓர் உதவாக்கரைப் பள்ளிக்கு வாத்தியாராகி, அப்புறம் ஜெயிலுக்கும் போகிறான். ஆங்கிலேய உறைவிடப் பள்ளியில் படித்தவனுக்கு ஜெயில் அவ்வளவு அந்நியமாக இருக்காதாம்! சிரித்தபடியே மனம் கசந்தாலும் பரவாயில்லை என்பவர்கள் இதையே முதலில் எடுக்கலாம்.