முழுப் பிரேதப் பரிசோதனையா, ஊசியில் திசு எடுப்பதா?

வைரஸ் நிமோனியாவில் இறந்தவரின் நுரையீரல் எப்படிச் சிதைந்தது என்று பார்க்க முக்கியமாக இந்த இரண்டு வழிகள்.

பாதுகாப்பு
முழுப் பரிசோதனை: எலும்பு அறுக்கும் மின்ரம்பம் நுண்துளிகளைக் கிளப்பும். என்95 முகக்கவசமும் நல்ல காற்றோட்டமும் கட்டாயம்.
ஊசி: அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் முகக்கவசமும் கையுறையும் வேண்டும்; கையில் குத்திக்கொள்ளவும் கூடாது.

செலவு, ஆட்கள்
ஊசிக்கே சாதகம். உறவினர்களும் எளிதில் சம்மதிப்பார்கள்.

துல்லியம்
இங்கேதான் சிக்கல். காற்றறைச் சேதம் திட்டுத்திட்டாக இருக்கும். 14 கேஜ் (சுமார் 2 மி.மீ. தடிமன்) ஊசியில் வருவதோ நூல்போன்ற ஒரு துண்டு. சேதமில்லாத இடத்தில் இறங்கினால் நோயே இல்லை என்று காட்டிவிடும். அதனால் இருபுறமும் பல இடங்களில் குத்த வேண்டும். நோயின் முதல் வாரத்தில், நுண்ணோக்கியில் காற்றறைச் சுவரை ஒட்டி இளஞ்சிவப்பு நாடாவாகத் தெரியும் ஹயலின் சவ்வு (கசிந்த புரதமும் இறந்த செல்களும் படிந்த படலம்) ஊசித் துண்டிலேயே சிக்கும். பெரிய தமனியை அடைத்த ரத்தக்கட்டியும், இன்ஃப்ளூயன்சாவில் உரிந்துபோன மூச்சுக்குழாய் உட்படலமும் சிக்காது.

முழுப் பரிசோதனையிலும் ஒரு சறுக்கல் உண்டு: மூச்சுக்கிளை வழியே 10% ஃபார்மலின் (திசு கெடாமல் காக்கும் திரவம்) செலுத்தி நுரையீரலை விரிக்காமல் வெட்டினால் காற்றறைகள் சுருங்கி, சேதத்தைச் சரியாக அளக்க முடியாது. ஐந்து மடல்களிலும் தலா ஒரு துண்டாவது தேவை.

வைரஸ் எது என்பது மட்டும் போதுமென்றால் ஊசி. மரணக் காரணத்தில் சந்தேகம் இருந்தால் முழுப் பரிசோதனை. எதுவானாலும் ஒரு துண்டை ஃபார்மலினில் போடாமல் −80 டிகிரியில் உறையவையுங்கள். ஃபார்மலினில் நாள்கணக்கில் ஊறினால், வைரஸை அடையாளம் காண உதவும் மரபணுப் பொருளான ஆர்என்ஏ சிதையும்.