4,200 ரூபாய் மைக்ராஸ்கோப்: ரீஃப் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்

பள்ளிக்கூட லேபில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த ரக மைக்ராஸ்கோப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். பாரிமுனையில் லேப் சாமான் விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். 4,500 சொன்னார், 4,200க்குக் கொடுத்தார். அட்டைப்பெட்டியில் ஹரியானாவின் அம்பாலா முகவரி. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. குறை சொல்லவும் நிறைய இருக்கிறது, அதோடு இந்த விலையில் கிடைப்பதெல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் இருக்கின்றன.

நான் மாணவியும் இல்லை, டீச்சரும் இல்லை. பெரம்பூரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு பார்க்கிறேன். வீட்டு ஹாலில் பவளமும் மீனும் சேர்ந்து வாழும் நான்கடி உப்புத்தண்ணீர்த் தொட்டி, அதைத்தான் ரீஃப் தொட்டி என்பார்கள். சம்ப்போடு (வடிகட்டும் துணைத் தொட்டி) சேர்த்து 250 லிட்டர் வரும். மென்பவளங்கள், காளான் பவளம், இரண்டு கிளீனர் இறால், ஏழெட்டு ஹெர்மிட் நண்டு, நத்தைகள். (கல் பவளம் ஏன் இல்லை என்று கேட்காதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது அது.) மீன்கள் என்று பார்த்தால் ஒரு ஜோடி க்ளௌன், ஐந்து க்ரோமிஸ், ஒரு ராயல் கிராமா. இரண்டு வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. அப்புறம் ஆசை யாரை விட்டது, பவுடர் ப்ளூ டேங் என்ற மீன் ஒன்றை வாங்கி வந்தேன். நான்கடித் தொட்டியில் வைக்கிற மீனே இல்லை அது. அந்தப் பாவத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எட்டாம் நாள் அது வேவ்மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார்) எதிரில் போய், நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து நின்றது. விளையாடுகிறது என்று நினைத்து வீடியோ எடுத்து வைத்தேன். அடுத்த நாள் விளக்கு போட்டதும் பாறைக்கு அடியில் ஒளிந்தது. பத்தாம் நாள் செத்துக் கிடந்தது. உடம்பில் ஒரு புள்ளி இல்லை, காயம் இல்லை, வயிறு ஒட்டவில்லை. அதற்கடுத்த மூன்று நாளில் க்ரோமிஸ் நான்கு, ஒவ்வொன்றாக.

ஒரு டெஸ்ட் கிட் விடவில்லை. அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 10, பி.எச். 8.1, உப்பு 35, வெப்பம் 26.5. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரே பொய் சொல்கிறதோ என்று 35 காட்ட வேண்டிய திரவத்தை வாங்கிச் சரிபார்த்தேன், அதுவும் சரி. ராத்திரி ஏசி போட்டுக் கதவைச் சாத்துவதால் ஆக்ஸிஜன் குறைகிறதோ என்று காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டேன். பெரிய மீன் முதலில் செத்தது, எல்லாமே வேகமாக மூச்சு வாங்கின, அதனால் அந்தச் சந்தேகம் வெகு நாள் போகவில்லை. வேவ்மேக்கர் காந்தத்தில் துரு இருக்கிறதா என்று கழற்றிப் பார்த்தேன். கடைசியில் பழி அத்தையின் கொசு லிக்விட் மேல் விழுந்தது. என் மாமியார் பாவம், நான்கு ராத்திரி கொசுக்கடியில் தூங்கினார்.

தொட்டி பராமரிக்க வருகிற ஒருவரைக் கூப்பிட்டேன். பாதித் தண்ணீரை மாற்றச் சொன்னார், "ரீஃப் சேஃப்" என்று ஒரு பாட்டில் கொடுத்தார், 1,800 ரூபாய். ஊற்றினேன். ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) நுரை தள்ளித் தரையெல்லாம் வழிந்ததுதான் மிச்சம்.

அன்று ஆபீசில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் கணக்கு டேலி ஆகவில்லை என்று உறைத்தது. கொசு மருந்து என்றால் இறால் முதலில் போயிருக்க வேண்டும், பைரெத்ராய்டு வகை மருந்து மீனுக்கும் விஷம்தான், ஆனால் இறாலும் நண்டும் அதை இன்னும் குறைவாகத்தான் தாங்கும். செம்பு கலந்திருந்தாலும் அதே கதை, நத்தையும் இறாலும்தான் முன்னால் விழும். என் இறால்களோ ஜம்மென்று மீசையை ஆட்டிக்கொண்டிருக்கின்றன, காளான் பவளம் தட்டு மாதிரி விரிந்திருக்கிறது. மீன் மட்டும் சாகிறது என்றால் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்து என்ன பயன்? மீனைப் பார்க்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை நேராகப் பாரிமுனை.

மிச்சமிருந்த ஐந்தாவது க்ரோமிஸ் அன்று ராத்திரி பதினொன்றரைக்குப் போனது. செத்து வெகு நேரமாகிவிட்டால் ஒட்டுண்ணிகள் உதிர்ந்துவிடும், செவுளும் கூழாகிவிடும் என்று படித்திருந்ததால் உடனே எடுத்துவிட்டேன். நகம் வெட்டும் சின்னக் கத்தரியால் செவுள் மூடியை நறுக்கி, உள்ளே இருந்த சிவப்பு இழையில் அரை சென்டிமீட்டர் வெட்டி, ஸ்லைடில் வைத்து, தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். குழாய்த் தண்ணீர் கூடாது, உப்பில்லாத நீரில் எல்லாம் ஊதி வெடித்துவிடும். மேலே கவர் ஸ்லிப் என்கிற மெல்லிய கண்ணாடித் துண்டு.

முதலில் 4எக்ஸ் லென்ஸ். செவுள் இழைகள் ஈருளியின் பற்கள் மாதிரி நெருக்கமாக நின்றன. அந்தப் பற்களுக்கு நடுவே ஈர் ஒட்டியிருப்பது போலவே கறுப்பாக, உருண்டையாக, வரிசையாக. 10எக்ஸுக்கு மாற்றினேன். ஒன்றுகூட அசையவில்லை. அசையாததுதான் அடையாளம். வெள்ளைப்புள்ளி நோய்க் கிருமி என்றால் மயிர் போன்ற இழைகளோடு மெதுவாகச் சுழலும், க்ளௌன் மீனைக் கொல்லும் ப்ரூக்லினெல்லா என்றால் வழுக்கிக்கொண்டு நகரும். இவை பேரிக்காய் மாதிரி ஒரு பக்கம் கூம்பி, அங்கேயே பற்றிக்கொண்டு கிடந்தன.

சந்தேகம் தீர இன்னொன்றும் செய்தேன். பவளத்தைக் கழுவ வைத்திருக்கும் லூகால்ஸ் அயோடினைக் கவர் ஸ்லிப் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டேன். உருண்டைகள் கருத்துப் போயின. அரிசிக் கஞ்சியில் அயோடின் விட்டுப் பள்ளியில் பார்த்த அதே வேலைதான், இந்தக் கிருமி உள்ளே மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கும். அமைலூடினியம். மீன்காரர்கள் வெல்வெட் என்பார்கள். தோலில் பொன்தூள் தூவியது போலத் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் முதலில் செவுளைத்தான் பிடிக்கும். தோலில் தூள் தெரிவதற்குள் மீனுக்கு மூச்சு முட்டிவிடும். என் டேங் நீரோட்டத்தில் போய் நின்றது விளையாட்டுக்கு இல்லை.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிஞ்சிய மூன்று மீன்களையும் பிடித்து 40 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் விட்டு, செப்பு மருந்து 30 நாள். அளவைத் தினமும் சோதித்தேன். சாதாரண செப்பு என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், வேறு வகை என்றால் அளவும் வேறு, பாட்டிலில் இருப்பதைப் பாருங்கள். இதை ரீஃப் தொட்டியில் ஊற்றவே கூடாது, இறாலும் நத்தையும் போய்விடும், பாறையும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கிராமா பிழைக்கவில்லை. க்ளௌன் இரண்டும் பிழைத்தன. மீன் கிடைக்காமல் கிருமி சாகட்டும் என்று பெரிய தொட்டியை மீனே இல்லாமல் 76 நாள் அப்படியே ஓடவிட்டேன். வெல்வெட்டுக்கு ஆறு வாரம் போதும் என்பார்கள், ஆனால் வெள்ளைப்புள்ளியும் கூடவே இருந்தால் என்ற பயம் எனக்கு.

சரி, சாமானுக்கு வருகிறேன். 4, 10, 40 என்று மூன்று லென்ஸ், கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ் 10எக்ஸ். நம் வேலைக்கு முதல் இரண்டே போதும், பார்க்க வேண்டிய உருண்டை பத்தில் ஒரு மில்லிமீட்டர் இருக்கிறது. 100எக்ஸ் லென்ஸ் உள்ளதற்குக் கூட 1,500 கேட்டார். வேண்டவே வேண்டாம், எண்ணெய் விட்டுப் பார்க்கிற வேலை நமக்கு இல்லை. 4லும் 10லும் படம் தெளிவு, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நீலம் பாய்கிறது. 40எக்ஸ் பெயருக்குத்தான் இருக்கிறது. தவிர அது ஸ்லைடுக்கு அவ்வளவு நெருக்கமாக வருவதால் உப்புத்தண்ணீர் லென்ஸில் ஏறிவிடும். எனக்கு ஏறியது, காய்ந்து வெள்ளையாகப் படிந்தது, இப்போது அதில் எதைப் பார்த்தாலும் மார்கழி மாதத்துப் பனிமூட்டம்.

ஸ்லைடை நகர்த்தத் திருகு கிடையாது, இரண்டு கிளிப்தான். விரலால் தள்ளினால் ஈர் இருந்த இடம் காணாமல் போய்விடும். அந்தக் கிளிப்புகள் ஸ்டீல் என்றார் கடைக்காரர். மூன்றாவது வாரமே துரு. நுண் திருகு தொளதொள, ஃபோகஸ் தானாக இறங்குகிறது. கண்ணாடி வைத்தது, எல்.இ.டி. வைத்தது என்று இரண்டு இருக்கின்றன. எல்.இ.டி.யையே வாங்குங்கள். மீன்கள் ராத்திரியில்தான் சாகின்றன, வெயிலுக்கு எங்கே போவது? போட்டோ எடுக்க மொபைல் ஹோல்டர் என்று 350 ரூபாய்க்கு ஒன்றைத் தலையில் கட்டினார், என் போனுக்குப் பொருந்தவில்லை. போனைக் கையில் பிடித்துக் கண் லென்ஸ்மேல் வைத்தாலே படம் வருகிறது. கவர் ஸ்லிப் மட்டும் இரண்டு பெட்டியாக வாங்கிக்கொள்ளுங்கள், உடையும்.

ஒரு பெரிய குறை உண்டு, அது மெஷினுடையது இல்லை. செத்த மீனைத்தான் இதில் பார்க்க முடிகிறது. உயிருள்ள மீனின் தோலைக் கவர் ஸ்லிப்பால் லேசாக வழித்துப் பார்க்கலாம் என்கிறார்கள். எனக்குக் கை நடுங்குகிறது, இதுவரை முயன்றதில்லை. ஆகவே புது மீன் எதுவும் இப்போது நேராகத் தொட்டிக்குப் போவதில்லை, அந்த 40 லிட்டர் டப்பிலேயே ஒரு மாதம். "நாங்களே குவாரன்டைன் பண்ணிட்டுத்தான் மேடம் கொடுக்கிறோம்" என்று டேங் விற்ற கடையில் சொன்னதை நம்பியவள் நான்.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். கிளிப் துருப்பிடிக்காமல் இருந்திருந்தால் நான்கு. அத்தையின் கொசு லிக்விட் பழைய இடத்துக்கே வந்துவிட்டது, தொட்டிக்குப் பக்கத்து பிளக்கில் மட்டும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.